சிவப்பு வட்டம்

லிஃப்ட் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். எங்கோ ஒரு கட்டிடத்தில் மோட்டார் முனகுகிறதென்றால், அங்கே நிற்கிறவன் போனை நீட்டி அந்தச் சத்தத்தைப் பிடித்துக் குழுவில் போடுவான். இவர் பல் துலக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, பேரிங் போய்விட்டது, கிரீஸ் வைத்து ஏமாற்றாதே, மாற்றிவிடு என்று குரல் பதிவு அனுப்புவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகப் போனதைப் பற்றிக் குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் அவர் மனைவி திறப்பாள். மிக்ஸி மாதக்கணக்கில் கத்துகிறது, அது மட்டும் இந்த டாக்டர் காதில் விழாதாம் என்பாள்.

குழுவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எங்காவது ஒரு மெக்கானிக் வேலையில் செத்துப்போனால் முதலில் வரிசையாக ஆழ்ந்த இரங்கல் வரும், கூப்பிய கைகள் வரும். கொஞ்ச நேரத்தில் எவனாவது ஒருவன், டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்பான். டாக்டர் சொல்லுவார். எங்கே பிசகினான், எதை மறந்தான், எதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்று துணியை உதறிக் காட்டுகிற மாதிரி சொல்லுவார். அதைக் கேட்டு மறுநாள் கூடுதலாக ஒரு முறை சரிபார்த்து, உயிரோடு வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேற்று செத்தது நெட்டையன்.

அவன் இவருடன் கூடவே வேலை பார்த்தவன். வாசல் நிலைகளில் இடித்து இடித்து நெற்றி காய்த்துப்போன உயரம். குழந்தைகூட நிமிர்ந்து நிற்கும் இடத்தில் அவன் குனிந்து நிற்பான். விடாத மழையில் ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் ஊறிவிட்டது. லிஃப்டின் கூண்டு கடைசியாக வந்து நிற்கும் தளத்துக்கும் கீழே ஓர் ஆள் நிற்கிற ஆழத்தில் இருக்கும் அந்தப் பள்ளம். தண்ணீரை இறைக்க நெட்டையனும் அவனுடைய ஜோடிக்காரன் சோடாபுட்டியும் போயிருந்தார்கள். நெட்டையன் உள்ளே இறங்கி வாளியில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது, கூண்டுக்குச் சரி ஈடாக எதிர்ப்பக்கம் தொங்கும் இரும்பு எடை அவன் மேல் இறங்கிவிட்டது.

செய்தி வந்ததும் டாக்டர் அழுதார். உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் யாரோ குழுவில் பள்ளத்தின் போட்டோவைப் போட்டார்கள். நல்லவேளையாக ஆள் இல்லாத போட்டோ. கலங்கிய தண்ணீர், கவிழ்ந்த வாளி, ஏணி, ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்புப் பொத்தான். இறங்குகிறவன் முதலில் அமுக்க வேண்டிய பொத்தான் அது. அமுக்கினால் உள்ளே போய் நின்றுகொள்ளும், லிஃப்டுக்குக் கரண்டு கிடையாது. வேலை முடிந்து ஏறின பிறகு திருகி வெளியே இழுத்துவிட வேண்டும். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பொத்தான் வெளியே நின்றது.

குழுவில் கேட்டுவிட்டார்கள், டாக்டர் என்ன சொல்கிறார் என்று. அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு, போட்டோவில் அந்தப் பொத்தானைச் சுற்றி விரலால் ஒரு சிவப்பு வட்டம் போட்டார். கூடவே குரலும் அனுப்பினார்.

"பாருங்க தம்பிங்களா. வட்டம் போட்டிருக்கேன் பாருங்க. பட்டன் வெளிய நிக்குது. அமுக்காமலே எறங்கியிருக்கான். இத்தனை வருஷ அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம்? என் கூடப் பொறந்தவன் மாதிரி, ஆனா சொல்லித்தான் ஆகணும். இது விபத்து இல்ல, அலட்சியம்."

கட்டைவிரல்கள் குவிந்தன. சரியாச் சொன்னீங்க அண்ணே என்று ஒருவன். கண் தொறந்துச்சு என்று இன்னொருவன். டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் எழுந்ததும், யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவருக்குப் பழக்கம். பதிவை அழுத்திப் பிடித்தால் கேட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். டீயை ஆற்றிக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

நெட்டையன். கேட்டிருக்கிறான்.

ஒரு கணம் அவருக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அடுத்த கணம் வேலை செய்தது, அதற்கு அது செய்யாமலே இருந்திருக்கலாம். போன் நெட்டையனுடையது. நெட்டையன் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருக்கிறான். போன் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். வீட்டில் இருப்பது அவன் மனைவியும் பத்தாவது படிக்கிற மகளும்.

"என்னங்க, டீயில பல்லி விழுந்த மாதிரி பாக்கறீங்க?" என்றாள் மனைவி. அவள் தையல்காரி. வாயில் ஊசி இருந்தாலும் பேச்சு தடைபடாது.

அவர் போனை அவளிடம் நீட்டினார். அவள் அந்தப் பெயரைப் பார்த்தாள். பிறகு பதிவைத் தட்டி முழுதாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் போனை அவர் கையில் திருப்பி வைத்தாள். அழித்துவிடட்டுமா என்று கேட்டார்.

"கேட்டவங்க காதுல போயி அழிப்பீங்களா? அழிச்சா, அழிச்சாச்சுன்னு ஒரு வரி அங்கயே நிக்கும். பயந்து அழிச்சிருக்கான்னு அதுக்கு வேற அர்த்தம் எடுப்பாங்க."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலயே. மத்தவங்க உஷாரா இருக்கணும்னுதானே..."

"அத இன்னைக்கே சொல்லணுமா? அந்த ஆளு இன்னும் வீடு வந்து சேரல." அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைச் சுருட்டி வைத்தாள். "கெளம்புங்க. மொகத்தக் காட்டாம இங்க உக்காந்து போனையே நோண்டிக்கிட்டு இருந்தீங்கன்னா நான் மட்டும் போயிடுவேன்."

பஸ்ஸில் மழைச்சாரல் உள்ளே அடித்தது. டாக்டர் ஜன்னலை இழுத்து மூடாமல் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். கேட்டது மனைவியாக இருந்தால் என்ன சொல்வது, மகளாக இருந்தால் என்ன சொல்வது, இருவருமே கேட்டிருந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று மனம் ஓடியது. ஒருவேளை சொந்தக்காரப் பையன் எவனாவது விளையாட்டாகத் தட்டியிருக்கலாம் என்றும் ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நிம்மதியாக வந்தார். இறங்கும்போது அந்த நிம்மதியும் பஸ்ஸோடு போய்விட்டது.

நெட்டையன் வீடு மூன்றாவது மாடியில். அந்தக் கட்டிடத்தின் லிஃப்டை அவன்தான் பார்த்துக்கொண்டான். கதவு சத்தமில்லாமல் மூடியது. கூண்டு ஏறுவதே தெரியவில்லை. நிற்கும்போது ஒரு குலுக்கல் கிடையாது. டாக்டரின் காது தானாகவே குறை தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கண் கலங்கியது.

கூடத்தில் இரவல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், தொடுவாரில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்கள் என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சோடாபுட்டி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணாடியைக் காணோம். அது இல்லாமல் அவன் முகம் உரித்த வெங்காயம் போல இருந்தது. டாக்டரைப் பார்த்து எழுந்து நின்றான், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

நெட்டையன் மனைவி சமையலறையில் இருந்தாள். கழுவின டம்ளர்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டரின் மனைவி போய் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் வாசற்படியிலேயே நின்றார்.

"வாங்கண்ணா," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"தங்கச்சி, அந்தப் பதிவு..."

"கேட்டேண்ணா. போன் சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அவரப் பத்தித்தான் பேசுறாங்கன்னு எடுத்தேன்." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எப்பவும் சாப்பிடறப்ப உங்க குரலத்தான் போட்டு விடுவாரு. எங்கயாவது யாராவது செத்துட்டா நீங்க பேசுவீங்கல்ல, அத. நானும் கேட்டுக்கிட்டே பரிமாறுவேன். ஏன் இந்த ஆம்பளைங்க இப்படி இருக்காங்க, வீட்ல பொண்டாட்டி புள்ள இல்லையான்னு நானே சொல்லியிருக்கேன். அந்த வீடுகள்லயும் போன் இருந்திருக்கும், யாராவது எடுத்துக் கேட்டிருப்பாங்கன்னு அப்பத் தோணல."

இத்தனை வருஷத்தில் தான் பேசின சாவுகள் எல்லாம் டாக்டர் முன் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமையலறை இருந்திருக்கும்.

"என்ன விடுங்கண்ணா. நான் தாங்கிக்குவேன்," என்றாள் அவள். "பாப்பாதான். ராத்திரியெல்லாம் அழுதுக்கிட்டு இருந்தா. அதக் கேட்டதுலேருந்து அழுகையே நின்னுபோச்சு. அப்பா வேணும்னேதான் செத்தாரு, எங்களப் பத்தி நெனச்சிருந்தா அந்தப் பட்டன அமுக்கியிருப்பாருங்கறா. அவரு வந்தா நான் வெளிய வரமாட்டேன், மொகத்தப் பாக்கமாட்டேன்னு கதவச் சாத்திக்கிட்டா. இன்னைக்குப் பாக்காம விட்டா அப்புறம் எப்பண்ணா பாக்கப் போறா?"

சாயங்காலம் வந்துகொண்டிருந்தது.

பெண்ணின் அறைக்கதவு தாழிடவில்லை, சும்மா சாத்தித்தான் இருந்தது. டாக்டர் தட்டிவிட்டு உள்ளே போனார். பெண் கட்டிலை ஒட்டித் தரையில், சார்ஜர் வயர் எட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் அப்பாவின் போன். அப்பாவின் உயரம் அவளுக்கும் வந்திருந்தது, மடக்கின முழங்கால்கள் மோவாயைத் தொட்டன. எப்போது வந்தாலும் மாமா என்று ஓடிவருகிறவள், இன்று தலையை மட்டும் தூக்கினாள்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

"போட்டோவப் பாத்து..."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு வட்டம். "பட்டன் வெளியதான இருக்கு. அப்ப நீங்க சொன்னது கரெக்ட்தான? எங்கிட்ட பல்லு வெளக்கினியா, பூட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாத்தியான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. அவரு மட்டும் அமுக்கமாட்டாரா?"

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் பார்வை போட்டோவில் போய் நின்றுவிட்டது. நேற்று அதில் அவர் பொத்தானைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. தேடினது அதைத்தான், கிடைத்ததும் அதுதான். இப்போது மற்றதையும் பார்த்தார். வாளி இருக்கிறது. ஏணி இருக்கிறது. எடை எங்கே?

எடை இல்லை. அவன் மேல் இறங்கின எடை போட்டோவில் கீழே இல்லை. யாரோ அதை மேலே ஏற்றின பிறகுதான் இந்தப் போட்டோவை எடுத்திருக்கிறார்கள். ஏற்றுவதென்றால் லிஃப்டை ஓட்டியாக வேண்டும். பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தால் லிஃப்ட் ஓடாது. அதை இழுத்து விட்டிருக்க வேண்டும். எடுபிடி வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரிகிற சங்கதி. வேறு எந்தக் கட்டிடமாக இருந்தாலும் அவரே அப்படித்தான் செய்திருப்பார்.

டாக்டர் சோடாபுட்டியைக் கூப்பிட்டார். அவன் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேத்து பட்டன இழுத்து விட்டது யாரு?"

"நான்தாண்ணே," என்றான் அவன். "கண்ணாடி தண்ணியில விழுந்துடுச்சு. ஒண்ணும் தெரியல. மேல இருந்தவங்க, பட்டன எடுத்து விடு, அப்பதான் எடையத் தூக்க முடியும்னு கத்துனாங்க. செவுத்தத் தடவித் தடவிப் பிடிச்சேன். திருகி இழுத்தேன்."

"இழுத்தப்ப எப்படி இருந்துச்சு? நிதானமா நெனச்சுப் பாத்துச் சொல்லு."

சோடாபுட்டி வலதுகையைத் தூக்கிக் காற்றில் ஒன்றைப் பிடித்துத் திருகினான். கைக்குத்தான் ஞாபகம் இருந்தது போல. "டக்குனு வெளிய வந்துச்சுண்ணே."

வெளியே நிற்கிற பொத்தான் டக்கென்று வராது. உள்ளே அமுங்கி நின்றதுதான் அப்படி வரும்.

"இத ஏண்டா நேத்தே சொல்லல?"

"விசாரிக்க வந்த ஆபீசர் கேட்டாருண்ணே. அதுக்குள்ள உங்க பதிவு வந்துடுச்சு. டாக்டரே சொல்லிட்டாரு, என் கைதான் தப்பாச் சொல்லுதோன்னு சந்தேகமாப் போச்சு. தெரியலன்னு சொல்லிட்டேன்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளையின் மனசை உடைத்ததோடு நிற்கவில்லை. கூட இருந்தவனின் கையைக்கூட அவனே நம்பாமல் பண்ணியிருக்கிறது அந்த ஒரு வட்டம். நாளை காலை முதல் வேலையாக ஆபீசரிடம் இதையே சொல்ல வேண்டும், தானும் கூட வருகிறேன் என்றார். சோடாபுட்டி தலையாட்டினான்.

"அப்ப அப்பா அமுக்கினாரா?" என்றாள் பெண்.

"அமுக்கினாரு பாப்பா," என்றான் சோடாபுட்டி. அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை, வெளியே போய்விட்டான்.

அவள் டாக்டரையே பார்த்தாள். "அமுக்கியும் ஏன் எடை கீழ வந்துச்சு?"

பிரேக் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கம் அப்படி. எந்த பிரேக், எதனால் நழுவியிருக்கும், யார் கவனித்திருக்க வேண்டும் என்று மொத்தமும் வரிசையாக வந்து நின்றது. டாக்டர் பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு சிரமப்பட்டு எதையும் விழுங்கியதில்லை.

"தெரியலம்மா," என்றார். "கழட்டிப் பாக்கறவங்கதான் சொல்லணும். நான் பாக்கல."

"நேத்து மட்டும் ஏன் தெரிஞ்ச மாதிரி பேசினீங்க?"

மத்தவங்க உஷாரா இருக்கணும்னு என்ற பதில் கைவசம் இருந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் இவள் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பயம்மா," என்றார். "நானும் நாளைக்கு ஒரு பள்ளத்துல எறங்கணும். உங்கப்பா எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சும் செத்துட்டாருன்னா, நான் எப்படி எறங்குவேன்? அவர் மேல ஒரு தப்பு இருந்தாத்தான் எனக்கு அது நடக்காதுன்னு தைரியம் வரும். அதான் தேடினேன். யாரு செத்தாலும் அப்படித்தான் தேடியிருக்கேன்."

மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் தன் போனை எடுத்தார். குழுவைத் திறந்து அவள் எதிரிலேயே பேசினார். தடுமாறின இடத்திலும் அழித்துவிட்டுத் திரும்பப் பேசவில்லை.

"தம்பிங்களா, டாக்டர் பேசறேன். நேத்து நான் சொன்னது தப்பு. அந்தப் போட்டோ, எடையத் தூக்கின பெறகு எடுத்தது. எறங்கறப்ப பட்டன அமுக்கிட்டுத்தான் எறங்கியிருக்காரு. தூக்கறதுக்காக அத இழுத்து விட்டவர் இங்கதான் இருக்காரு. அலட்சியம்னு சொன்னேன். அலட்சியம் என்னோடது. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியற வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு போன் இன்னும் நம்ம குழுவுலதான் இருக்கு. அவரு பொண்ணு கையில இருக்கு. அத நெனச்சுக்கிட்டுப் பேசுங்க."

அனுப்பினார். அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அவள் அதைத் தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுந்து, கதவை முன்போலவே சாத்திவிட்டு வெளியே வந்தார்.

கூடத்தில் உட்கார முடியவில்லை. மனைவி ஒரு டம்ளர் டீயைக் கையில் திணித்தாள், அது ஆறிப்போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். நெட்டையன் மனைவி சமையலறை வாசலுக்கு வந்து, மூடின கதவையே பார்த்தபடி நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குழுவில் பதில்கள் வந்து போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. யார் என்ன சொல்கிறார்கள் என்று அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

பிறகு கதவுக்கு அந்தப்பக்கம் அவர் குரல் கேட்டது. தம்பிங்களா, டாக்டர் பேசறேன். கடைசிவரை ஓடி நின்றது. கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. பட்டன அமுக்கிட்டுத்தான் எறங்கியிருக்காரு என்ற இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் மறுபடி போட்டாள். அப்புறம் அழுகை கேட்டது. நெட்டையன் மனைவி நிலையில் சாய்ந்தபடி முகத்தை மூடிக்கொண்டாள்.

கீழே வண்டி வந்து நின்றது. ஆண்கள் செருப்பைத் தேடினார்கள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் கொள்ளாது, அவனுக்குப் போட்டது நீளமானது, படி வழியாகத்தான் தூக்கிவர வேண்டும் என்று ஒருவர் வந்து சொன்னார். டாக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு படிப்பக்கம் நடந்தார். சோடாபுட்டி சுவரைத் தொட்டபடி பின்னால் வந்தான்.

பின்னால் கதவு திறந்தது. பெண் வெளியே வந்து மேல்படியில் நின்றாள். முகமெல்லாம் ஈரம். கீழே தெரிந்த முதல் திருப்பத்தை எட்டிப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள். "அப்பா ரொம்ப உயரம். திருப்பத்துல கால் இடிக்கும். பாத்துப் புடிங்க."